இங்கே தண்ணீர் ‘அவன்’

1

போன வியாழனோடு எங்கள் மூத்த மகன் மௌத்தாகி ஒரு வருசம். இலங்கையில், அட்டாளைச்சேனையில், என் அக்கா ராத்தாவின் வீட்டில் அவனுக்காகக் கத்தம் ஓதினார்கள். நான் நைஜீரியாவின் வடக்கே, கனோவுக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஊர் ஒன்றில், மில் குவாட்டர்ஸ் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள், ஆபிரிக்காவுக்குப் போனவன் சிங்கம் யானை பற்றி எழுத மாட்டானா என்று கேட்பீர்கள். சிங்கத்தை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நெல்லும் உமியும் வாய்க்காலும்தான். அதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை.

பிள்ளையின் பேர் இத்ரீஸ். அதை எழுதுவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. சொல்வதுதான் வேறு விசயம். அது பிறகு வரும்.

என் மனைவி ஹவ்வா இந்த நாட்டுக்காரி, ஹவுஸா மொழிக்காரி. ராத்தாவுக்கு ஒரு வருசமாக ஒரே கதைதான்: அவளை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா. தன் வளவிலேயே மகளுக்கு ஓர் அறை கட்டித் தருவதாகவும் சொல்லிவிட்டா. நான் ‘பாப்பம், பாப்பம்’ என்று இழுத்தேன். உள்ளதைச் சொன்னால், போகத்தான் இருந்தேன். மகள் ஸைனபுக்கு இலங்கைக் கடவுச்சீட்டு எடுக்க அலையவும் தொடங்கிவிட்டேன். காரணம் ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோகும்போது, பெற்றவள் கரையில் நின்றும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்படித்தான் எனக்குச் சொன்னார்கள்.

2

சம்மாந்துறை மில் ஒன்றில் வேலை பழகியவன் நான். இங்கே புது மெசின் இறக்கிய ஒரு கம்பனிக்கு, அதை ஓட்டிக் காட்ட ஆள் தேவைப்பட்டது. ஒரு போகத்துக்கு என்று வந்தேன். மெசினை ஓட்டிக் காட்டி முடிந்தது, நான் முடிந்து போகவில்லை.

வந்த புதிதில் மூட்டை தூக்குகிறவர்கள் என்னைச் சுற்றி நின்று ஹவுஸாச் சொல் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். நான் சொல்வேன், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஹவுஸா எனக்குப் பாதி லேசு, பாதி பெரும்பாடு. குறில் நெடில் உண்டு. ஓர் எழுத்தை அழுத்திச் சொன்னால் சொல்லே மாறிவிடும். இதெல்லாம் நம் வாய்க்குப் புதிதில்லை. ‘ப’ என்ற சத்தம் இல்லை. பம்ப் இங்கே ‘ஃபம்ஃபோ’. மெய்கள் இரண்டு மூன்று முட்டிக்கொண்டு வந்தால் நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடுவார்கள். அதனால் இத்ரீஸ் என்ற பேர் தெருவில் ‘இதிரிஸு’ ஆனது. பள்ளியில் இதிரிஸு, மாமனார் வீட்டில் இதிரிஸு. இத்ரீஸ் என்று, கடைசியில் நீட்டி, நம் ஊர் மாதிரிக் கூப்பிட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான்.

பெரும்பாடு இரண்டு. ஒன்று, குரலை ஏற்றி இறக்குவது. ஒரே சொல்லை மேலே சொன்னால் ஒன்று, கீழே சொன்னால் ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே மட்டத்தில்தான் வரும். நான் கதைத்தால் மழைத் தண்ணீர் தேங்கின வயல் மாதிரி இருக்கிறது என்று மூட்டைக்காரன் ஒருவன் சொன்னான், மேடு பள்ளம் தெரியவில்லையாம்.

மற்றது, மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லும் எழுத்துகள். நாம் எந்த எழுத்தையும் மூச்சை வெளியே விட்டுத்தான் சொல்கிறோம். இவர்கள் ‘ட’வுக்குக் கிட்ட ஒன்றை, ‘பஸ்’ஸில் வரும் ‘ப’வுக்குக் கிட்ட ஒன்றை, தொண்டையை இறக்கி உள்ளே இழுத்துச் சொல்கிறார்கள். மகனுக்கு இவர்கள் சொல்லும் ‘டா’ அப்படிப்பட்டது. அது எனக்கு வரவே இல்லை. இத்ரீஸ் என் மடியில் ஏறி, என் தொண்டையில் விரலை வைத்து, “வாப்பா, இன்னும் கீழ இறக்கணும்” என்பான். நான் இறக்குவேன். “சரியில்ல” என்பான். பிறகு தன் தொண்டையில் என் விரலை எடுத்து வைத்துச் சொல்லிக் காட்டுவான். அந்தச் சின்னக் குரல்வளை கீழே போய் மேலே வரும். இதை எழுதும்போது அந்த விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

3

இலக்கணம் இன்னொரு கூத்து. நமக்கு வினையின் வாலில் எல்லாம் இருக்கிறது. வந்தேன் என்றால் வந்தவன் ஆர், எப்போது, இரண்டும் முடிந்தது. இங்கே வினை பெரும்பாலும் அசையாமல் இருக்கும். முன்னால் நிற்கும் ‘நான்’தான் காலத்தைச் சுமக்கும். முடிந்ததற்கு ஒரு ‘நான்’, நடப்பதற்கு ஒரு ‘நான்’, வரப்போவதற்கு ஒரு ‘நான்’. நாம் என்றும் நாங்கள் என்றும் நாம் பிரிக்கிறோமே, அது இவர்களுக்கு இல்லை. இரண்டும் ‘மு’தான். ஹவ்வா தன் ஆட்களோடு பேசும்போது ‘மு’ என்றால், அதில் என்னையும் சேர்த்திருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

‘நீ’ இரண்டு. ஆணுக்கு ‘கய்’, பெண்ணுக்கு ‘கே’. தவறிவிட்டால் அசிங்கம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன ஓர் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவை நான் ‘கய்’ என்று சொல்லிவிட்டேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொழுதுவிட்டு வாரேன் என்று எழும்பிப் போனா. பின்னேரம் வரை வரவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள், அதில் எனக்குப் பாதிதான் விளங்கியது.

எல்லாவற்றையும் விட, இவர்களுக்கு ‘அது’ என்று ஒன்று இல்லை. உயிர் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, எல்லாம் அவன் அல்லது அவள். கார் அவள். கதிரை அவள். தண்ணீர் அவன். பிள்ளைகள் இரண்டும் தமிழையும் அப்படியே கதைக்கும். அணையில் இருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாளில் இத்ரீஸ் ஓடிவந்து, “வாப்பா, தண்ணி வந்துட்டான்” என்று கத்துவான். ராத்தா போனில் கேட்டுச் சிரிப்பா. என்னடா புள்ளைக்குத் தமிழ் படிச்சிக் குடுத்திருக்கிறாய், தண்ணி என்ன உன்ட மச்சானா என்று கேட்பா. நானும் சிரிப்பேன். திருத்தவில்லை. நல்லாத்தானே இருந்தது.

4

இனி பேர் விசயம். இவர்களுக்குக் ‘குன்யா’ என்று ஒன்று உண்டு. வெட்கம் என்று சொல்லலாம், அடக்கம் என்றும் சொல்லலாம். பெண் தன் புருசன் பேரைச் சொல்ல மாட்டாள். அதைவிடப் பெரிதாக, தன் தலைச்சன் பிள்ளையின் பேரைச் சொல்ல மாட்டாள். நாலு பேர் முன்னால் அவனைத் தூக்கிக் கொஞ்ச மாட்டாள், சாப்பாடு போட்டால் மற்றப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுத்தான் அவனுக்குப் போடுவாள். பெற்ற பிள்ளை மீது ஆசை வைத்திருப்பதை ஊருக்குக் காட்டுவது மானக்கேடு. பழைய பழக்கம் என்று நகரத்தில் விட்டவர்கள் உண்டு. ஹவ்வாவின் ஊர் விடவில்லை. ஸைனபைப் பேர் சொல்லி ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுவாள். இத்ரீஸைக் ‘கய்’. என்னை ‘ஸைனபின் வாப்பா’.

ராத்தாவுக்கு இது கொதி. மூத்தவன் இருக்க இளையவள்ட பேரால உன்னக் கூப்பிடுறாளே, இது என்ன முறை என்பா. நான் சமாளிப்பேன். நாம் மட்டும் என்ன? எங்கள் உம்மா வாப்பாவை ‘இஞ்சாருங்க’ என்றதல்லாமல் வேறு சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தரம் அடையாள அட்டை அலுவலாக ஊர் அதிகாரி விதானையாரிடம் போனபோது அவர் புருசன் பேரைக் கேட்டார். உம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றா. அவர் திரும்பக் கேட்டார். கடைசியில் என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளி, “நீ செல்லு மனே” என்றா. நான் வாப்பாவின் பேரைச் சொன்னேன். விதானையார் ஒன்றும் நினைக்கவில்லை. அவருடைய வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும்.

ஆனால் அது புருசன். பிள்ளை என்றால் வேறுதானே என்று ராத்தா கேட்பா.

5

தண்ணீர் திறக்கும் முதல் நாள், காய்ந்த வாய்க்காலுக்குள் பொடியன்கள் இறங்கி நிற்பார்கள். குழிகளில் மிஞ்சிய மீனைப் பிடிப்பார்கள். தண்ணீரின் தலைப்பு நுரையோடு வருவது தூரத்தில் தெரியும்; அதற்கு முன்னால் ஓடி, கடைசி நேரத்தில் கரையில் ஏறுவது விளையாட்டு. எங்கள் பக்கத்திலும் இதைச் செய்தோம், நானே செய்திருக்கிறேன். ஆனால் இது பெரிய வாய்க்கால். சுவர் கல்லுக் கட்டு, வழுக்கும்.

அன்றைக்கு நான் மில்லுக்குள் இருந்தேன். மில் எங்கள் வீட்டுக்கு எதிரே, வாய்க்காலின் மற்றக் கரையில். உள்ளே மெசின் ஓடினால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. ஆள் வந்து தோளைப் பிடித்து உலுக்கித்தான் சொன்னான். நான் போகும்போது மதகுக்குக் கீழே இருந்து அவனைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

ஜனாஸா அன்றைக்கே அடக்கினோம். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகச் சலாம் சொல்லி, உடம்பு எப்படி, களைப்பு எப்படி, வீட்டில் எப்படி என்று இவர்களின் நீண்ட சுகவிசாரிப்பை ஒன்றும் விடாமல் கேட்டுவிட்டு, பிறகுதான் பொறுமை செய்யுங்கள் என்றார்கள். எனக்கு ஒவ்வொருவனையும் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. தண்ணீரில் மூழ்கிப் போனதை இவர்கள் ‘ருவா யா சி ஷி’ என்பார்கள். தண்ணீர் தின்றுவிட்டது என்று அர்த்தம். இந்த மொழியில் ‘அது’ இல்லையே. அவன் அவனைத் தின்றான். சொல்லுக்குச் சொல் அப்படித்தான் வரும், அப்படித்தான் அன்று முழுக்க என் காதில் விழுந்தது. தின்றவனும் ‘அவன்’, என் பிள்ளையும் ‘அவன்’.

அன்றைக்குத் துணி துவைக்கத் தண்ணீருக்காகக் கரையில் காத்திருந்த மூன்று பெண்கள் வந்தார்கள். ஹவ்வா அவனை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வந்தாளாம். தண்ணீரைக் கண்டு ‘கய், கய்’ என்று கத்திக்கொண்டே ஓடினாளாம். மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு கல்லாகிவிட்டது. வாய்க்காலுக்குள் நின்ற பொடியன் ஒவ்வொருத்தனும் ‘கய்’தானே. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பான். ஏறியிருப்பான். மானம் பெரிதாகப் போய்விட்டது, பிள்ளை போய்விட்டான்.

ஹவ்வா ஆட்கள் முன்னால் அழவில்லை. தலைச்சன் பிள்ளைக்கு அழவும் கூடாதாம். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருசம் ஒரே வீட்டில் இருந்து, உப்பு எங்கே, திறப்பு எங்கே என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

6

கத்தத்துக்கு முன்னைய திங்கட்கிழமை ராத்தா வீடியோவில் வந்தா. எங்கள் பக்கத்தில் கத்தம் ஓதுமுன், ஓதிக் கொடுக்கும் லெப்பை, ஆருடைய பேருக்கு என்று கேட்பார். தாயோ தகப்பனோ பேரைச் சொல்ல வேண்டும். நாங்கள் தூரத்தில் இருப்பதால் போனைச் சபையில் வைத்துக் கேட்பதாகவும், ஹவ்வாதான் சொல்ல வேண்டும் என்றும் ராத்தா சொன்னா. ஹவ்வாவை அழைத்தும் விட்டா. ஹவ்வா தனக்குத் தெரிந்த தமிழில், “அவருக்கு துஆ செய்யுங்க ராத்தா” என்றாள்.

பேரச் செல்லு என்றா ராத்தா. ஹவ்வா முக்காட்டைச் சரிசெய்தாள். திரும்பவும் ‘அவருக்கு’ என்றாள். ராத்தா விடவில்லை. ஹவ்வா எழும்பி உள்ளே போய்விட்டாள்.

ராத்தா அழுதா. பிறகு என்னிடம் சொன்னா: “பெத்த புள்ளட பேர் வாயில வராதவளோட உனக்கு என்னடா குடித்தனம்? வியாழக்கிழம அவள் செல்லணும். இல்லாட்டி மகளக் கூட்டிக்கி வா. ரெண்டுல ஒண்டு.”

சரி என்றேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

வியாழன் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் அடுப்பு மூட்டியிருக்கிறது. ஹவ்வா குழிச்சட்டியில் ‘மாஸா’ என்ற அரிசி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய தட்டு நிறைய அடுக்கியிருந்தது. இவர்களுக்கு வருசக் கத்தம் வழக்கமில்லை. எங்கள் ஊரில் கத்தம் ஓதினால் அக்கம்பக்கத்துக்கு நார்சா என்று தீன் கொடுப்போம் என்று எப்போதோ நான் சொன்னதை நினைவு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறாயே, அன்றைக்கு அவன் பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட மட்டும் உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். ஒரு வருசமாக அடக்கிவைத்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் ஹவுஸாவில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“கூப்பிட்டன்,” என்றாள். “நீங்க கூப்பிடுறதத்தான் கூப்பிட்டன். நீங்க கூப்பிடுற மாதிரியே. எல்லாருக்கும் முன்னால. அந்தப் பொம்பிளையள் கேட்டாங்க. என்ட மானம் போயிரும் எண்டு உங்களுக்கு மாத்திச் செல்லிட்டாங்க.”

நான் நம்பவில்லை. கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்குமே என்றேன்.

“கேட்டது.” அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ட பக்கம் ஓடி வந்துக்கிருந்தான். அந்தப் பேரக் கேட்டதும் நிண்டான். கிறுகி மில்லுப் பக்கம் பாத்தான். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லயே. அப்பிடிக் கூப்பிடுறது நீங்க மட்டுந்தானே. நீங்க எங்க நிக்கிறீங்க எண்டு தேடினான்.”

கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள்.

“வழமை போல ‘கய்’ எண்டிருந்தா வந்திருப்பான்,” என்றாள்.

சட்டியில் கடைசி அப்பம் கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

7

நான் வாசலில் போய் நின்றேன். ஊர் எங்களுக்கு நாலரை மணி நேரம் முந்தி; அங்கே மஃரிப் தொழுகை முடிந்திருக்க வேண்டும். போன் அடித்தது. எடுத்தால், சபையின் சலசலப்பும் சாம்பிராணி போடுகிறவர்களின் பேச்சும் கேட்டது. ராத்தா எடுத்த எடுப்பில் அவளிடம் கொடு என்றா.

“அவளக் கேக்காதீங்க ராத்தா,” என்றேன். “அவள் செல்லிட்டாள்.”

எப்போது என்று கேட்டா. ஆரிடம் என்று கேட்டா. பக்கத்தில் ஆரோ நேரமாகிறது என்றார்கள். போனை லெப்பையிடம் கொண்டுபோனது தெரிந்தது. அவர் வயதானவர், என்னைச் சிறுவனாகத் தெரிந்தவர். சலாம் சொல்லிவிட்டு, ஆர்ர பேருக்கு, மகன், ஓதுறம் என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். என் பிள்ளையின் பேர். நானே வைத்த பேர். சொன்னால் நான் கூப்பிடுகிற மாதிரித்தான் வரும், கடைசியில் நீட்டி. எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. அந்தச் சத்தம் எங்கேயோ கேட்டு, ஓடிக்கொண்டிருக்கிறவன் நின்றுவிடுவான். புத்தி கெட்ட நினைப்புத்தான். ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. லெப்பை இரண்டாம் தரம் கேட்டார். பிள்ளையின் வாப்பா இருக்கிறாரா, லைன் இருக்கிறதா என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள்.

ஸைனப் வீட்டுக்குள் இருந்து மாஸாத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள், பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க. நான் தட்டை வாங்கிக்கொண்டு போனை அவள் கையில் வைத்தேன். அவள் முதுகில் கையை வைத்து, “நீ செல்லு மகள்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே உம்மாவைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், தெருவில் எல்லாரும் சொல்லுகிற மாதிரி, “இதிரிஸு,” என்றாள்.

அங்கே ஓதத் தொடங்கினார்கள்.